கரண்டுக்குக் கை கொடுக்கும் மருந்து

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் மலையாளத்துக்குச் சமமாகத் தமிழும் காதில் விழும். மார்த்தாண்டம், நாகர்கோவில், வள்ளியூர், செங்கோட்டை என்று பல ஊர்க்காரர்கள் கையில் ஸ்கேன் உறையும் சாப்பாட்டுத் தூக்குமாக வந்து இறங்குகிறார்கள். 1979-ல் கன்னியாகுமரி அகல ரயில் பாதை திறந்த பிறகு தெற்கேயிருந்து வந்து போவது எளிதாயிற்று. 1981-ல் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயரை முதல் இயக்குநராகக் கொண்டு மண்டலப் புற்றுநோய் மையம், அதாவது நம் வாயில் புழங்கும் ஆர்.சி.சி., இதே வளாகத்தில் எழுந்தது. பக்கத்திலேயே ஸ்ரீ சித்ரா மருத்துவமனையும் இருப்பதால், குழந்தைக்கு மூளையில் கட்டி என்றால் அங்கே அறுவை செய்துகொண்டு இங்கே கதிர்வீச்சுக்கு வருகிற குடும்பங்கள் அநேகம். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் "கரண்டு வைப்பது". நானும் இக்கட்டுரையில் சில இடங்களில் அப்படியே சொல்கிறேன்.

சங்கத்தின் சார்பில் மொழி உதவிக்காக அங்கே போய் வரும் சிலரில் நானும் ஒருவன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தந்தை டீக்கடையில் என்னிடம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டினார். அவருடைய ஏழு வயது மகளுக்குச் சிறுமூளையில் கட்டி. அறுவை முடிந்து கரண்டு தொடங்க நாள் குறித்திருந்தார்கள். "ஐயா, கரண்டோட சேர்த்து தினமும் ஒரு மருந்து ஏத்தணும்னு டாக்டர் சொல்றாரு. ஊர்ல ஒருத்தர் இந்தப் பவுடரைக் கொடுத்து, இது கரண்டுச் சூட்டையும் தணிக்கும், கட்டியையும் கரைக்கும்ங்காரு. ரெண்டுல எதைய்யா நம்ப?" என்று கேட்டார். பாலமும் தண்டவாளமும் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. "பொட்டலத்தை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அதன்பின் படித்தும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்ததை நம் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் "சூடு" விஷயம். கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் சக்தியை வாங்கிக்கொண்டால் அது ஒரு கிரே. குழந்தைகளின் மூளைக் கட்டி இருந்த இடத்துக்குக் கொடுக்கும் மொத்த அளவு பெரும்பாலும் 54 கிரே. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,186 ஜூல் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு வாரக் கரண்டு முழுவதையும் ஒரே நொடியில் கொடுத்தால்கூட 0.013 டிகிரிதான் ஏறும். ஒரு வாய் வெந்நீர் குடித்தால் ஏறுகிற சூடு இதைவிட அதிகம். தோல் கறுப்பதும் சிவப்பதும் சூட்டினால் வருவதல்ல. ஆகவே தணிக்க வேண்டிய சூடு என்று ஒன்றும் அங்கே இல்லை.

அப்படியானால் இவ்வளவு சொற்பச் சக்தி கட்டியை எப்படி அழிக்கிறது? செல்லின் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. என்ற இரட்டை இழையை அது அறுக்கிறது. எனக்கு இது ரயில் பாதையாகவே தெரிகிறது. ஒரு தண்டவாளம் மட்டும் முறிந்தால் மற்றொன்றை ஆதாரமாக வைத்து கேஜ் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டும் ஒரே இடத்தில் முறிந்தால்தான் வண்டி கவிழும். செல்லிலும் இப்படித்தான், இரண்டு இழையும் ஒருசேர அறுந்த முறிவே உயிர்க்கொல்லி. செல்லுக்கென்று கேங்மேன்களும் உண்டு. முறிவு விழுந்த சில நிமிடங்களிலேயே பழுது பார்க்கும் புரதங்கள் ஓடி வந்து வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நல்ல செல்லில் இந்தக் கேங் ஒழுங்காக வேலை செய்கிறது. கட்டியின் செல்லில் பல சமயம் அரைகுறையாகச் செய்கிறது. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் 54 கிரேயை ஒரேயடியாகக் கொடுக்காமல், நாளொன்றுக்கு 1.8 கிரே வீதம் 30 தவணைகளாகப் பிரிக்கிறார்கள். இரவுக்குள் நல்ல திசு தேறிவிடும். கட்டி முழுமையாகத் தேறாது.

குழந்தைகளிடம் இது போதவில்லை என்பதே பிரச்சினை. வளர்கிற மூளை கதிர்வீச்சைத் தாங்குவதில்லை. கட்டி போய்ப் பிழைத்த குழந்தைகள் பலருக்குப் படிப்பில் மந்தம், வளர்ச்சிச் சுரப்பியில் குறை, முதுகெலும்பு சரியாக வளராமை என்று பின்விளைவுகள் வருகின்றன. மூன்று வயதுக்குக் கீழே என்றால் மூளை, தண்டுவடம் முழுவதுக்கும் கரண்டு வைப்பதைக் கூடியவரை தவிர்க்கவே பார்க்கிறார்கள். அளவைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் பயம். குறைத்தும் பார்த்தார்கள். சிறுமூளைக் கட்டியான மெடுல்லோபிளாஸ்டோமாவில் ஆபத்து குறைந்த வகைக் குழந்தைகளுக்கு, பிறகு கொடுக்கும் கீமோ மருந்துகளின் பலத்தில், மூளை-தண்டுவட அளவை 36-லிருந்து 23.4 கிரேயாகக் குறைக்க முடிந்தது. மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு அதையும் 18 ஆக்கிப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2021-ல் வெளிவந்தது. நோய் திரும்புவது கூடியிருந்தது. எல்லை அங்கே தெரிந்துவிட்டது.

ஆகவே, கதிரின் அளவைத் தொடாமல் அதன் வேலையைக் கூட்டும் மருந்து வேண்டும். கதிர் உணர்த்தி என்று இதைச் சொல்லலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருந்து கட்டியையும் நல்ல மூளையையும் ஒரே அளவில் உணரச் செய்தால் அதனால் காசுக்குப் பிரயோசனமில்லை. கரண்டையே கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டுப் போகலாமே! கட்டியை மட்டும், அல்லது கட்டியைக் கூடுதலாக, பலவீனப்படுத்த வேண்டும். இந்த ஒரு நிபந்தனையில்தான் முக்கால்வாசி மருந்துகள் தோற்றிருக்கின்றன.

இதைச் சோதனைச்சாலையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1956-ல் பக், மார்க்கஸ் என்ற இருவர் அமைத்துக் கொடுத்த முறை அடிப்படையில் இன்றும் நடக்கிறது. கண்ணாடித் தட்டில் செல்களை நாற்று போல விதைத்து, சில நாள் கழித்து எத்தனை செல் பெருகிக் கூட்டமாக முளைத்திருக்கிறது என்று எண்ணுவதுதான் அது. விளக்கத்துக்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். நூறு முளைக்க வேண்டிய தட்டில் மருந்து மட்டும் விட்டால் 80 முளைக்கிறது. கதிர் மட்டும் காட்டினால் 30. இரண்டையும் சேர்த்தால் எத்தனை? இரண்டும் தத்தம் வேலையை மட்டும் செய்தால் 30-ல் 80 சதவீதம், அதாவது 24 முளைக்க வேண்டும். 24 முளைத்தால் மருந்துக்கு உதவும் குணம் இல்லை. பத்தே முளைத்தால் மருந்து கதிருக்குக் கை கொடுத்திருக்கிறது என்று பொருள். உடனே அதே சோதனையை நல்ல மூளைச் செல்களில் செய்ய வேண்டும். அங்கேயும் இதே போலக் குறைந்தால் மருந்தை ஓரம் கட்ட வேண்டியதுதான். அடுத்து எலி, அதற்குப் பிறகுதான் மனிதர், அதிலும் கடைசியாகத்தான் குழந்தைகள்.

முதலில் கண்டறிந்த கதிர் உணர்த்தி எதுவென்றால் நாம் சுவாசிக்கும் பிராணவாயு! அலகுக்குப் பெயர் கொடுத்த ஆங்கிலேய விஞ்ஞானி ஹரால்ட் கிரேயும் அவர் குழுவினரும் 1953-ல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். பிராணவாயு கிடைக்கும் செல்லைவிட, அது கிடைக்காமல் மூச்சுத்திணறும் செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். கட்டிகளின் நடுவே ரத்தம் சரியாக எட்டாத இடங்கள் உண்டு. அங்கேதான் செல்கள் தப்பிப் பிழைக்கின்றன. இதற்காக நோயாளியை அழுத்தக் கூண்டில் வைத்துப் பிராணவாயு கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பிராணவாயுவைப் போல நடிக்கும் மருந்துகள் வந்தன. மிசோனிடசோல் என்பது நரம்பைக் கெடுத்ததால் நிலைக்கவில்லை. அதன் உறவான நிமோரசோல் டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது.

நம்மவர்களும் இதில் பின்தங்கவில்லை. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் 1970-களில், வெற்றிலை புகையிலையால் நம் பக்கத்தில் மலிந்திருக்கும் வாய்ப் புற்றுநோய்க்கு, பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டி கரைவது சேர்த்துக் கொடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. அந்த முடிவுகளை ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கதிரும் மருந்தும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னையில் இருந்துகொண்டு அவ்வளவு முன்னதாகவே சோதித்திருக்கிறார்கள்.

மூளைக் கட்டிக்கென்றே நடந்த இந்திய முயற்சி ஒன்றும் உண்டு. அதன் பெயரைக் கேட்டால் வாசகர்கள் வியப்பார்கள். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது 2-டி.ஜி. என்ற பொட்டல மருந்தைப் பற்றிச் செய்திகளில் அடிபட்டதல்லவா? ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் டில்லி நிலையமான இன்மாஸ் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதை ஆராய்ந்தது மூளைக் கட்டிக் கதிர்வீச்சுக்குத் துணையாகத்தான். சர்க்கரையைப் போலவே உருவம் கொண்ட பொருள் அது. கட்டியின் செல் சர்க்கரைக்குப் பேராசை பிடித்தது. இதை ஜெர்மானிய விஞ்ஞானி வார்பர்க் 1920-களிலேயே சொன்னார். சர்க்கரை என்று நம்பி 2-டி.ஜி.யை உள்ளே இழுத்துக்கொண்டால் செல்லின் அடுப்பு அணைகிறது. கேங்மேனுக்குச் சோறு போடாத நிலை. முறிவைப் பழுது பார்க்கச் சக்தி இல்லாமல் செல் சாகும் என்பது எதிர்பார்ப்பு. 1996-ல் வெளியான ஆய்வில் 20 நோயாளிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வீதம் குடிக்கக் கொடுத்து, அதன்பின் வாரம் ஒரு முறை 5 கிரே கதிர் செலுத்தினார்கள். தாங்கிக்கொண்டார்கள்; சர்க்கரை குறைந்தவர்களுக்கு வரும் வேர்வை, தலைசுற்றல் போன்ற தொந்தரவுகள் மட்டும் இருந்தன. ஆனால் தாங்குவது வேறு, குணமாவது வேறு. வழக்கமான மருந்து என்ற இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை. நல்ல யோசனை பாதி வழியில் நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பெரியவர்களின் மூளைக் கட்டியில் உலகம் ஏற்றுக்கொண்ட வெற்றி 2005-ல் வந்தது. ஸ்டப் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வில், கதிரோடு டெமோசோலமைடு மாத்திரையைச் சேர்த்ததும் இரண்டாண்டு உயிரோடிருந்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 ஆனார்கள். இதைக் குழந்தைகளுக்கும் கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. கொடுத்தார்கள். மூளைத்தண்டில் வரும் டி.ஐ.பி.ஜி. என்ற கொடிய கட்டியில் அதனால் பலன் இல்லை. இந்தக் கட்டியைக் கத்தியால் தொட முடியாது. மூச்சும் விழுங்குதலும் அந்த இடத்தின் வழியே நடக்கின்றன. நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் சிறு மகள் கேரன் 1962 ஜனவரியில் இறந்தது இதே நோயில்தான். கரண்டு வைத்தால் குழந்தை சில மாதங்கள் தெளிந்து, நடந்து, பள்ளிக்கும் போகும். ஆயினும் பாதிப்பேருக்கு மேல் ஓராண்டுக்குள் போய்விடுகிறார்கள். டோபோடெக்கான், கடோலினியம் சேர்ந்த ஒரு மருந்து, பழுது பார்க்கும் புரதத்தை முடக்கும் வெலிபாரிப் என்று ஒவ்வொன்றாகக் கதிரோடு சேர்த்துப் பார்த்தும் ஆயுள் கூடவில்லை. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் செக்போஸ்ட் போல மருந்தைத் தடுப்பது ஒரு காரணம். மூளைத்தண்டில் இந்தக் காவல் இன்னும் கடுமை. கட்டியின் தன்மையே வேறு என்பது இன்னொரு காரணம். 2012-ல்தான் இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் ஒரே ஒரு எழுத்துப் பிழை இருப்பது தெரியவந்தது. அந்தப் பிழையுள்ள கட்டி, சிகிச்சைக்குப் பின்னும் வளர்ந்தால் கொடுக்கலாம் என்று டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. சோதித்த 50 பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. இது கதிருக்குத் துணை மருந்து என்று நிரூபணமானது அல்ல. கதிர் முடிந்து நோய் திரும்பிய பின் கொடுப்பது.

இனி தென்காசித் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். அவர் மகளின் கட்டி மெடுல்லோபிளாஸ்டோமா; தண்டுவடத்துக்கும் பரவியிருந்ததால் அதிக ஆபத்து வகை. டாக்டர் சொன்ன மருந்து கார்போபிளாட்டின். இதன் மூத்த சகோதரனான சிஸ்பிளாட்டின் பிறந்த கதை எங்களைப் போன்ற எஞ்சினியர்களுக்கு இனிக்கும். 1965-ல் அமெரிக்காவில் ரோசன்பர்க் என்பவர் கிருமிகள் வளரும் நீரில் பிளாட்டினத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். கிருமிகள் பெருகுவது நின்றுவிட்டது. மின்சாரத்தின் வேலை என்று நினைத்துத் துருவிப் பார்த்தால், தகட்டிலிருந்து கரைந்த பிளாட்டினத்தின் வேலை! பிளாட்டினம் டி.என்.ஏ. இழையில் ஆப்பு போல ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் கதிர் முறிவு விழுந்தால், ஆப்பு இருக்கும் இடத்தில் கேங்மேனால் வேலை செய்ய முடிவதில்லை.

இதைத்தான் அமெரிக்கா முதலிய நாடுகளின் குழந்தைப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 2007-லிருந்து சோதித்தது. அதிக ஆபத்து வகைக் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினமும் கதிருக்கு முன் சிறிய அளவு கார்போபிளாட்டின் ஏற்றினார்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 35 மில்லிகிராம். கீமோவாக ஒரே தடவையில் கொடுப்பது சில நூறு மில்லிகிராம் என்பதோடு ஒப்பிட்டால் இது கொசுறு. மதிப்பிட முடிந்த 261 பேரை மொத்தமாகப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. பத்தாண்டு உழைப்பு வீண் என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் இடைக்காலத்தில், மெடுல்லோபிளாஸ்டோமா என்பது ஒரே நோயல்ல, மரபணுவின்படி வின்ட், எஸ்.எச்.எச்., மூன்றாம் குரூப், நான்காம் குரூப் என நான்கு நோய்கள் என்று தெரிந்திருந்தது. சேமித்து வைத்த கட்டித் துண்டுகளை அப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாம் குரூப்பில், ஐந்தாண்டு வரை நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கார்போபிளாட்டின் இல்லாமல் 54 சதவீதம். சேர்த்தபோது 73 சதவீதம். மற்ற குரூப்புகளில் அப்படியொன்றும் இல்லை. 2021-ல் இது வெளியாயிற்று. மூன்றாம் குரூப் என்பது நான்கிலும் மோசமானது என்பதை நினைத்தால் இந்த 19 சதவீதத்தின் அருமை புரியும். நூறு குழந்தைகளில் பத்தொன்பது பேர் என்பது ஒரு வகுப்பறையில் பாதி.

ரத்த அணுக்கள் குறைவது இதில் முக்கியத் தொந்தரவு. அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். இதனால் பலன் பெறும் குரூப் எது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஏற்றுவது சரியா என்ற கேள்வி டாக்டர்களிடையே உண்டு. அந்தத் தந்தை அடுத்த முறை என்னைப் பார்த்தபோது, "குரூப் பார்க்கக் கட்டித் துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருக்காங்களாம்யா" என்றார். பொட்டலத்தையும் டாக்டரிடம் காட்டிவிட்டார். அதில் என்ன இருக்கிறதென்று கொடுத்தவருக்கே சொல்லத் தெரியாததால் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கதிர் செல்லைக் கொல்வதே பெரும்பாலும் உள்ளே உண்டாகும் தீவிரமான ஆக்சிஜன் துணுக்குகளால்தான். அவற்றைத் தணிக்கும் சத்து மாத்திரைகளையும் பொடிகளையும் அந்தச் சமயத்தில் கொடுத்தால் அவை கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றிவிடக் கூடும். நல்லெண்ணத்தோடு உறவினர் வாங்கி வரும் வைட்டமின் டப்பாவையும் டாக்டரிடம் காட்டுவது இதனால்தான் அவசியம்.

மொழி உதவிக்குப் போகும் நம் உறுப்பினர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுச் சொன்னால் குடும்பங்களுக்குப் பெரிய உதவி: கட்டியின் குரூப் பார்த்தாயிற்றா, துணை மருந்து கரண்டுக்கு எத்தனை மணி முன்னால் ஏற வேண்டும், ரத்தப் பரிசோதனை எந்தெந்த நாள். மருந்து ஏறும் நேரமும் கரண்டு நேரமும் தவறிப்போனால் இத்தனை விஞ்ஞானமும் வீணாகும்.

இன்னொன்று, இதற்கு மருந்துச் செலவே கிடையாது. ஐரோப்பாவில் மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், கதிர்வீச்சு முழுவதையும் 50 நாளுக்குள் முடித்தவர்கள், இழுத்துக்கொண்டு போனவர்களைவிடத் தெளிவாக நன்றாயிருந்தார்கள். இடைவெளி விட்டால் கட்டியின் கேங்மேனும் தேறிவிடுகிறான். நம் குடும்பங்கள் நாள் தவறவிடுவது பெரும்பாலும் கோயில் கொடை, வீட்டுக் கல்யாணம், தங்க இடமில்லாமல் ஊருக்குப் போய் வருவது, பிறகு கேரளத்துக்கே உரிய ஹர்த்தால். முதல் இரண்டுக்கும் நாம் எடுத்துச் சொல்லலாம். தங்குமிடத்துக்குச் சங்கச் செயலாளரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஹர்த்தால் அன்று ஆட்டோ ஓடாவிட்டாலும் மருத்துவமனை வண்டிகளை மறிப்பதில்லை. ஸ்கூட்டரோ காரோ வைத்திருக்கும் உறுப்பினர்கள் "ஆஸ்பத்திரி" என்று எழுதிய அட்டையை முன்னால் ஒட்டிக்கொண்டு, காலையிலேயே குழந்தையைக் கொண்டுவந்து விடலாம். கடந்த முறை இருவர் அப்படித்தான் செய்தார்கள். அந்தச் சிறுமிக்கு அன்று பதினேழாவது தவணை.